எண்ணெய் வழியும் திசை

எங்கள் ஆலய முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு முடித்தது 2017-ஆம் ஆண்டு. அதுவரை அங்கே கரிசல் மண்தான். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பலிக்கு வரவேண்டும். கோடையில் தரை வெடித்த வெடிப்புக்குள் சிறுவர்களின் கோலிக்குண்டு விழுந்தால் அடுத்த மழைவரை அது மண்ணுக்குச் சொந்தம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி வேலைக் கூலியிலிருந்தும் உளுந்து, பருத்தி விற்ற காசிலிருந்தும் பங்கு மக்கள் கொடுத்த பணத்தில் உருவான தளம் அது. அது காய்ந்து இரண்டாம் ஞாயிறன்று, அதன் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கருங்கறையைக் கண்டபோது எனக்கு எழுந்த எரிச்சலை வாசகர்கள் உணர்ந்துகொள்ளலாம். அது எண்ணெய்க் கறை. அதற்கு மேலே நின்றது எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.

இளைய வாசகர்களில் பலர் அந்தக் காரைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்தது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, இதே குடும்பத்து எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் இருவர் அமரும் பந்தயச் சாயல் காரொன்றை வெளியிட்டார்கள். நம் ஊர் ஹெரால்டுக்கு வாய்த்தது 948 கன சென்டிமீட்டர் கொண்ட சிறிய எஞ்சின்தான். ஆனாலும் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அதுவும் ஓடியிருக்கிறது. தலைமையாசிரியரின் தந்தையார் வாங்கிய இந்த வண்டி பந்தயம் எதையும் பார்த்ததில்லை. நோயிற்பூசுதலுக்கு என்னை அழைத்துச் செல்வதும், ஆகஸ்டு 15-இல் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்குப் போவதும்தான் அதன் பெரும்பயணங்கள்.

அதன் முன்பகுதியைத் திறப்பது ஓர் அழகு. மூடி மட்டும் அல்லாமல், இருபுறத்துச் சக்கரக் காப்புகளும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் முழுதாக வெளியே தெரியும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன் நான். குருமடத்துக்குப் போவதற்கு முன்பே ஸ்பேனர் பிடித்துப் பழகியவன். எந்த எஞ்சினைத் திறந்தாலும் என் கை தானாக நீளும். வாயும் நீளும் என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

கறையைக் கண்ட ஞாயிற்றுக்குப் பத்து நாள்கள் முன்புதான் அந்தக் கார் அருகிலிருந்த பட்டறை ஒன்றில் சர்வீசுக்கு விடப்பட்டிருந்தது. பழைய எண்ணெயை வடித்து, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை, அதாவது சம்ப்பை, இறக்கிக் கழுவி, புதிய கார்க் பேக்கிங் வைத்து ஏற்றியிருந்தார்கள். அந்த போல்ட்டுகளை முடுக்கியவன் பட்டறையில் ஓராண்டாக வேலை பழகிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன். தந்தை இல்லாதவன், தாய் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்வருகிறவர், எங்கள் பங்கின் பிள்ளை.

திருப்பலி முடிந்ததும் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். சம்ப்பின் பின்கோடி போல்ட்டில் எண்ணெய் திரண்டு நின்றது. எழுந்து, கையைப் பனியன் வேஸ்டில் துடைத்துக்கொண்டே, சுற்றி நின்றவர்கள் கேட்க, “சம்ப் போல்ட்டைச் சரியா முடுக்கலை” என்று சொன்னேன். தலைமையாசிரியர் பட்டறைக்காரரை வரவழைத்தார். அவர் பையனையும் கூட்டி வந்தார். “இல்ல சாமி, எல்லாத்தையும் முடுக்கிப் பாத்துட்டுத்தான் விட்டேன்” என்று அவன் சொல்லத் தொடங்கியதை முதலாளி முடிக்க விடவில்லை. “சாமியே கையை வச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. நீ என்னடா பேசுற?” என்றார். அடுத்த வாரம் அவன் பட்டறையில் இல்லை. நான் அதை அறிந்தேன். வருந்தினேன் என்று சொன்னால் பொய்யாகும். வேலையில் கவனம் வேண்டும் என்று பையன்களுக்கு ஒரு பாடமாயிற்று என்றுதான் நினைத்தேன்.

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரர் தாமே புதிய பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைப் பலம்கொண்ட மட்டும் முடுக்கினார். இரு வாரங்களில் கறை மீண்டும் தோன்றியது. மறுபடியும் பேக்கிங் மாற்றினார், மறுபடியும் தோன்றியது. இப்போது, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்கோடியிலுள்ள சீல் போயிருக்க வேண்டும், கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஹெரால்டில் கியர்பாக்ஸைக் காருக்கு உள்ளிருந்து, முன்னிருக்கைகளுக்கு நடுவேயுள்ள மூடியைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். நாள் கணக்கில் வேலை, நிறையச் செலவு. அந்த யோசனையைச் சொன்னவனும் நானே. வண்டி பிழைத்தது தலைமையாசிரியரின் சிக்கனத்தால். சீலைக் கழற்றுமுன் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று சொல்லி, கோவில்பட்டியில் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தார். இளமையில் சென்னையில் ஹெரால்டுகளோடு உழன்றவர் அவர். ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள்.

அவர் வந்ததும் வண்டிக்கடியில் படுப்பார் என்று சாக்கை எடுத்து வைத்திருந்தேன். அவர் படுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி கேள்விகளாகக் கேட்டார். எப்போது முதலில் பார்த்தீர்கள்? வண்டி எங்கே நின்றபோது? ஓடி வந்து நின்ற உடனேயா, இரவெல்லாம் நின்ற பிறகா? எண்ணெய் குறைகிறதா, கறை மட்டும்தானா? பிறகு, “ஃபாதர், கழுவாம எதையும் பாக்கக்கூடாது” என்று சொல்லி, மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொன்னார்.

கழுவுவதற்கே அரை நாள் ஆயிற்று. கசியும் எண்ணெயோடு கரிசல் புழுதி சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இப்பகுதி ஓட்டுநர்களுக்குத் தெரியும். தார்போல் ஒட்டி, வெயிலில் இறுகி, எஞ்சினுக்கு இரண்டாம் தோலாகிவிடும். அவர் அதைத் திருப்புளியால் அடுக்கடுக்காகப் பெயர்த்தார். விரல் கனமுள்ள ஒரு துண்டை என் கையில் வைத்து, “இது மூணு மாசத்து அழுக்கு இல்ல ஃபாதர். பத்து வருசத்து அழுக்கு” என்றார். அந்தத் துண்டு என் கையில் இருந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

எஞ்சினை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பின், வீட்டிலிருந்து முகப்பவுடர் டப்பா ஒன்று கேட்டார். எஞ்சினின் பின்புறமும் பக்கங்களும் வெள்ளையாகும்படி அதைத் தூவினார். இருபது நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். சம்ப்பில் நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினின் உச்சியில், ராக்கர் கவரின் பின்மூலையில், வெள்ளைப் பொடியில் ஓர் ஈரக்கோடு பிறந்தது. அது மெல்ல நீண்டது. ஹெட்டின் பின்முகத்தில் இறங்கி, கியர்பாக்ஸைச் சேர்த்துப் பிணைக்கும் விளிம்பில் படர்ந்து, கடைசியாக, மூன்று மாதங்களுக்கு முன் நான் விரல் வைத்துக் குற்றம் கண்ட அதே பின்கோடி போல்ட்டில் வந்து திரண்டு, ஒரு சொட்டாகக் கீழே விழுந்தது.

போல்ட் செய்த குற்றம் ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

பாய் அதோடு நிற்கவில்லை. ராக்கர் கவர் மட்டும் ஏன் கசிகிறது என்று தேடினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினார். குபுகுபுவென்று புகை வந்தது. ஈரக்கோட்டின் வேகம் தளர்ந்தது. உள்ளே எரியும் வாயுவில் ஒரு சிறுபகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குவது எந்த எஞ்சினிலும் உள்ளது. தேய்ந்த எஞ்சினில் அது கூடும். அந்த வாயு வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள். மூச்சுக் குழாய் என்றே மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. அதைக் கழற்றிக் கம்பியை விட்டார். கம்பி ஏறவில்லை. எண்ணெயும் புழுதியும் கெட்டித்து அடைத்திருந்தது. “மூச்சு விட வழியில்ல. அதான் பலம் இல்லாத இடத்தைத் தேடிக் கக்குது. நீங்க கீழ முடுக்க முடுக்க அது மேல தேடிப் போகும்” என்றார். குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார். ராக்கர் கவரின் தகடு, முன்பு யாரோ அளவுக்கு மீறி முடுக்கியதால் வளைந்திருந்தது. அதை மரப்பலகையில் வைத்துத் தட்டி நேராக்கி, கார்க் தகட்டில் புதிய பேக்கிங் வெட்டி வைத்து, நானாக இருந்தால் போதாது என்று நினைத்திருக்கக்கூடிய அளவே முடுக்கினார். கார்க்கை நசுக்கினால் அது செத்துப்போகும் என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பல ஆண்டுகளாக ஒழுகியிருந்தால் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? பாய் தலைமையாசிரியரைப் பார்த்து, “இதுக்கு முன்னால வண்டி எங்க நின்னுச்சு?” என்றார். அவர் எங்களைத் தம் வீட்டுப் பின்புறக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். தரை கரிசல் மண். பாய் ஒரு குச்சியால் கிளறி, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, எங்களிடம் நீட்டினார். எண்ணெய் வாடை. கறுப்பு மண்ணில் கறுப்பு எண்ணெய் விழுந்தால் யாருக்குத் தெரியும்? வெடிப்பு வேறு, விழுந்ததை விழுங்கிக்கொள்ளும். ஆலய முற்றத்தில் கூட, தளம் போடுவதற்கு முன், வாரந்தோறும் அதே இடத்தில்தான் அந்த வண்டி நின்றது. வெளுத்த சிமெண்டு வந்த பிறகுதான் எங்களுக்குக் கண் வந்தது. அந்த வாரம் சர்வீசும் நடந்திருந்தது, அவ்வளவே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ‘இதற்குப் பின் வந்தது, ஆகவே இதனால் வந்தது’ என்ற தவறான வாதத்தைக் குருமடத்தில் அளவையியல் வகுப்பின் தொடக்க நாள்களிலேயே இலத்தீனில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த இலத்தீன் இன்றும் மறக்கவில்லை. எண்ணெய்க் கை அதை நினைவுகூரவில்லை.

இதுவரை எஞ்சினைப் பற்றிப் பேசினேன். இனி என்னை வருத்துகிற வினாவுக்கு வருகிறேன். ஒரு பழுதைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடுவது அறிவின் கடமை. தேடும்போது ஊகம் செய்யாமல் முடியாது. சம்ப்பாக இருக்கலாம், சீலாக இருக்கலாம் என்று ஐயுறாத மெக்கானிக் எதையும் கண்டுபிடிக்கமாட்டான். அப்படியானால் பையனை ஐயுற்றது மட்டும் ஏன் தவறாகும்? பட்டறைக்காரர் பின்னர் என்னிடம் இதையே கேட்டார். அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

விடையைப் பழைய பாடநூல் ஒன்றில் தேடினேன். புனித தோமா அக்குவினாசின் பெருநூலை அதன் இலத்தீன் பெயரின் முதற்சொல்லால் ‘சும்மா’ என்றே குருமடத்தில் அழைப்போம். சும்மா படித்துவிட முடியாத நூலுக்கு இப்படியொரு பெயரா என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. அதன் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 60-ஆம் வினாவில், ஐயத்தின்மேல் தீர்ப்பிடலாமா என்பதை அவர் ஆராய்கிறார். ஐயத்துக்கு இடமானவற்றை நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவரது முடிவு. அப்படிச் செய்தால் பலமுறை ஏமாந்துபோவோமே என்ற மறுப்பையும் அவரே எழுப்புகிறார். கெட்டவனை நல்லவன் என்று நம்பிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவன் என்று எண்ணி எப்போதோ ஒருமுறை பிழைபடுவதைவிட மேல். ஏனெனில் இரண்டாவதில் ஒரு மனிதனுக்கு அநீதி நேர்கிறது, முதலாவதில் நேர்வதில்லை என்கிறார்.

என்னை நிறுத்தியது அதற்கடுத்த மறுமொழி. பொருள்களைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு, மனிதரைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு என்கிறார் அவர். பொருளைப் பற்றிய நம் தீர்ப்பு பிழையானால் அந்தப் பொருளுக்குத் தீங்கில்லை. நம் அறிவுக்குத்தான் குறை. ஆகவே அங்கே உள்ளது உள்ளபடி கண்டால் போதும். மனிதனைப் பற்றிய தீர்ப்போ அவனையே தொடுகிறது. தீர்ப்பினாலேயே அவன் மதிப்புக்குரியவனாகவோ இழிவுக்குரியவனாகவோ ஆக்கப்படுகிறான். சம்ப்பை நான் ஐயுற்றால் சம்ப்புக்கு வலிப்பதில்லை. பையனை ஐயுற்றேன், அவன் பிழைப்பு போயிற்று.

ஆனால் நாங்கள் நடந்துகொண்டது இதற்கு நேர்மாறு. எஞ்சினுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தோம். இரண்டு முறை பேக்கிங் மாற்றினோம். சீலைக் கழற்றுமுன் இன்னொருவர் கருத்தைக் கேட்டோம். மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைப் பொடி தூவி, விளக்குப் பிடித்துக் காத்திருந்தோம். பையனுக்குக் கொடுத்தது ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம்கூட இல்லை. தீர்ப்பு வழங்கும் முன் நீதிபதிக்கு அறநெறி உறுதிப்பாடு இருக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1608-ஆம் சட்டம் கேட்கிறது. நீதிமன்றத்தில் மட்டுமே தீர்ப்பு நிகழ்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆலய முற்றத்தில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பங்குத்தந்தை சொல்லும் ஒரு வாக்கியமும் எங்கள் ஊரில் தீர்ப்புதான். அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எண்ணெய் மேலே பிறந்து கீழே வழிகிறது. பழியும் அப்படித்தான் வழிகிறது. அந்த வண்டியைச் சுற்றிலும் எத்தனை பேர் இருந்தோம்! மூச்சுக் குழாயை ஆண்டுக்கணக்கில் கவனிக்காத உரிமையாளர், எப்போதோ கவரை அளவுக்கு மீறி முடுக்கிய யாரோ ஒருவர், மேலே பார்க்காமலே சர்வீஸ் முடித்த பட்டறைக்காரர், அரைகுறை அறிவோடு வாய் திறந்த நான். கறை போய்த் திரண்டது ஆகக் கீழே நின்றவனிடம். ஐயத்தை நல்லவிதமாகப் பொருள்கொள்ளும் தோமாவின் நெறியைக்கூட நாம் மேலே இருப்பவர்களுக்கே தாராளமாக வழங்கிவந்திருக்கிறோம். அருங்கி போட்டவர்களைப் பற்றி எளியோர் முறையிட்டபோது ‘ஐயத்தின் பயன்’ யாருக்குப் போயிற்று என்பதை அண்மைக் காலத் திருச்சபை வரலாறு வேதனையோடு கற்றுத் தந்திருக்கிறது. ஆகவே அந்த நெறியை, யாரையும் கேள்வி கேட்காதே என்பதாகக் கொள்வது பெரும் பிழை. தோமாவே இதற்கும் இடம் வைத்திருக்கிறார். ஒரு தீமைக்கு மருந்து தேடும்போது, அது ஆக மோசமானதாகவே இருக்கக்கூடும் என்று முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொண்டு செயல்படுவது பொருந்தும். ஆனால் அதையே முடிந்த தீர்ப்பாக ஆக்கிவிடக்கூடாது என்கிறார். காவல் வைப்பது வேறு, குற்றவாளி ஆக்குவது வேறு. பையன் முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி சோதித்துப் பார்க்க எங்களுக்கு முழு உரிமை இருந்தது. சோதித்திருந்தால் அவை சரியாகவே முடுக்கப்பட்டிருந்ததைக் கண்டிருப்போம்.

காரணம் தேடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. கசிவுக்குக் காரணம் பேக்கிங். பேக்கிங் பிதுங்கக் காரணம் அழுத்தம். அழுத்தத்துக்குக் காரணம் அடைப்பும் தேய்ந்த ரிங்கும். அடைப்புக்குக் காரணம் புழுதி. புழுதிக்குக் காரணம் கரிசல் பூமி. அதைப் படைத்தவர் கடவுள் என்று போய்க்கொண்டே இருக்கலாம். மனிதரிடமும் அப்படியே. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனின் கதையைக் கேட்டால் அவன் தந்தையிடம் போய்ச் சேரும். தந்தையின் கதை பஞ்ச காலத்துக்குப் போகும். இக்காலத்து நல்லெண்ணம் படைத்தவர்கள் பலர் இப்படி மேலே மேலே போய், கடைசியில் எவருமே எதற்கும் பொறுப்பில்லை என்று வந்து நிற்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினில் தேடல் எங்கே நிற்கவேண்டும் என்பதற்குப் பாய் ஓர் அளவு வைத்திருந்தார்: கை வைத்துச் சரிசெய்யக்கூடிய இடத்தில் நிற்கவேண்டும். மனிதரிடத்தில் அந்த இடம், ஒருவர் ‘நான்’ என்று சொல்லக்கூடிய இடம் என்பது என் துணிபு. என் வாக்கியத்துக்குப் பின்னாலும் காரணங்கள் உண்டு. புதிய தளம் கறைபட்ட எரிச்சல். ஃபிட்டர் மகன் என்ற செருக்கு. மக்கள் சுற்றி நின்று என் வாயைப் பார்த்த இன்பம். இவற்றையெல்லாம் நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட என்னை விடுவிக்கவில்லை. எண்ணிப் பார்க்கப் பார்க்க, அது என் செயல் என்பதே மேலும் தெளிவாயிற்று.

ஒருவருடைய நற்பெயரைப் பொய்யாகப் பறித்தவர், தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது நம் அறநெறி இறையியலின் பழைய போதனை. திருடிய பணத்தைத் திருப்புவது போன்ற கடன் அது. கோழியின் இறகுகளைக் காற்றில் பறக்கவிட்டுத் திரும்பப் பொறுக்கச் சொன்ன கதையைத் தவக்கால மறையுரைகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பொறுக்கப் போனவர் என்ன ஆனார் என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை. பட்டறைக்காரரிடம் போய், நான் சொன்னது தவறு என்றேன். “பரவாயில்ல சாமி. இப்ப வேற பையன் வந்துட்டான்” என்றார். அந்த ஞாயிறு திருப்பலி முடிவில், அறிவிப்புகளுக்குப் பின், முற்றத்தில் நான் சொன்னதையும் அது பிழை என்பதையும் பொதுவில் சொன்னேன். பலருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே நினைவில்லை. தாழ்ச்சியான சாமி என்று எனக்குத்தான் பெயர் கிடைத்தது! பறித்த பெயரைத் திருப்பித் தரப்போய் இன்னும் கொஞ்சம் பெயர் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை பையனின் வீட்டுக்குப் போனேன். தாய் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். விரல்களில் மருந்துக் கறை. மகன் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். நான் தொடங்குமுன்னரே, “கார்ல எண்ணெய் நின்னுடுச்சா சாமி?” என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். “நல்லதாப் போச்சு. போன் போடும்போதெல்லாம் அதத்தான் கேப்பான். ஒரு போல்ட்டை விட்டுட்டேனோ, விட்டுட்டேனோன்னு தூக்கத்துலகூடப் பொலம்புனான் இங்க இருந்தப்ப” என்றார்.

அதுவரை அவன் வேலையைப் பறித்தேன் என்று மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். அவன் கையின் மேல் அவனுக்கிருந்த நம்பிக்கையையும் பறித்திருக்கிறேன். தான் சரியாகச் செய்தான் என்பதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி அவன்தான். என் சொல் அந்தச் சாட்சியையே கலைத்துவிட்டிருந்தது.

அவர் தம் கைபேசியில் மகனை அழைத்து என்னிடம் கொடுத்தார். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். பொடி தூவியதையும், கோடு எங்கே தொடங்கியது என்பதையும், மூச்சுக் குழாயையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னால் லேத் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, “பின்மூலையா சாமி? அங்க அந்த ஆங்கிள்ல பாத்தாத் தெரியாது. சுவரு மறைக்கும்” என்றான். எனக்கு ஆறுதல் சொன்னானா, வேலையைப் பற்றித்தான் பேசினானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊருக்கு வரும்போது திருப்பலிக்கு வருவான். பின்வரிசையில் நின்றுவிட்டுப் போவான்.

வண்டி இன்னும் ஓடுகிறது. கசிவு முற்றிலும் நின்றுவிட்டது என்று தாயிடம் சொன்னது முழு உண்மை அல்ல. அந்தக் காலத்து ஹெரால்டு எஞ்சினின் பின்கோடி சீல் ஷாஃப்ட்டை இறுகத் தொடுவதில்லை. ஷாஃப்ட் சுழலும்போது திருகுவரிகள் எண்ணெயைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நிற்கும்போது இழுக்க ஆளில்லாமல் ஒன்றிரண்டு சொட்டு வந்துவிடும். செய்தவர்களே அப்படித்தான் செய்தார்கள், அதைப் பழுது என்று சொல்லக்கூடாது என்று பாய் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் தலைமையாசிரியர் வண்டியை அதே இடத்தில் நிறுத்துகிறார். இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு பழைய தகரத் தட்டை எடுத்து, குனிந்து, எஞ்சினுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குள் வருகிறார்.